பந்தயத் தடமும் கார்ச் சக்கரமும்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கார்ச் சக்கரம். சக்கரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, வட்டமாக இருந்தால் போதாதா என்று சிலர் எண்ணக்கூடும். சாதாரணப் பிரயாணத்துக்கு அந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்தும். காரோடு தொழிற்சாலையிலிருந்து வரும் சக்கரம், அந்தக் காரின் ஆயுள் முழுவதும் உழைப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் நம் இளைஞர்களில் ஒரு சாரார் இப்பொழுது தங்கள் சொந்தக் காரைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்கென்று இலேசான அலாய் வீல்களை வாங்கிப் பூட்டுகிறார்கள். சக்கரம் எவ்வளவு இலேசாக இருக்கலாம், எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. அக்கேள்விக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

இதைச் சித்தூரையும் திருப்பதியையும் முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதில் சேர்ந்த பகுதி இது. சித்தூர், நகரி, புத்தூர், திருப்பதி ஆகிய ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அங்கிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாதுக்கும் அதற்கு அப்பாலும் வேலைக்குச் சென்றோர் பலர். மேலும், இவ்வட்டாரம் இன்று மோட்டார்த் தொழிலுக்குப் பேர்போன இடமாகி வருகிறது. ஸ்ரீ சிட்டியில் 2016இல் இசுசு நிறுவனத்தின் வண்டித் தொழிற்சாலை தொடங்கியது. சின்னபாண்டூரில் 2020இல் அப்போலோ டயர் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. சமவெளிச் சாலை, மலைச் சாலை, பெருவழிச் சாலை ஆகிய மூன்றும் இங்கே ஒருசேர அமைந்துள்ளன. ஆகவே சக்கரத்தின் குணத்தை அறிய இதைவிடத் தக்க இடம் வேறு தேட வேண்டியதில்லை.

முதலில், பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டுவது என்றால் என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். இதை ‘டிராக் டே’ என்று சொல்கிறார்கள். இது போட்டி அன்று; பரிசும் இல்லை. கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, வண்டியைச் சோதனைக்குக் காட்டி, குறித்த நேரம் தடத்தில் ஓட்டிவிட்டுத் திரும்புவதுதான் அது. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் இருந்தது. பல்லாண்டுகள் அதிலேயே பந்தயங்கள் நடைபெற்றன. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்து, 1990 முதல் அங்கே பந்தயங்கள் நடந்து வருகின்றன. அத்தடத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. தில்லிப் பக்கத்து நேயர்களுக்குக் கிரேட்டர் நொய்டாவில் 2011இல் திறக்கப்பட்ட புத்தர் பன்னாட்டுத் தடம் அருகில் உள்ளது.

சித்தூரிலிருந்து புறப்படுகிறவர் இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாகப் பெங்களூர்–சென்னைப் பெருவழியில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து சேரலாம். திருப்பதியிலிருந்து வருகிறவருக்குப் புத்தூர், நகரி, திருத்தணி, திருவள்ளூர் என்பது வழி. எவ்வழியில் வந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அதே தூரம் திரும்பவும் வேண்டும். இதை நேயர்கள் நினைவில் நிறுத்துமாறு வேண்டுகிறோம். தடத்தில் ஓடும் சக்கரமே பெரும்பாலும் வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்க்கும் சக்கரம். தடத்தின் பரப்பு மழமழப்பானது. சாலையிலோ பள்ளமும் வேகத்தடையும் பாலத்து மூட்டுகளும் காத்திருக்கின்றன. சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தடத்தை மட்டும் எண்ணி வீடு திரும்பும் வழியை மறந்துவிடலாகாது.

இனி, இலேசான சக்கரம் எதற்காக என்று பார்ப்போம். காரின் எடையில் இரண்டு பகுதிகள் உண்டு. எஞ்சின், உடற்கூடு, அமர்ந்திருப்போர் ஆகியவை ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள எடை. சக்கரம், டயர், பிரேக்கு ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை. ஒரு மேட்டில் சக்கரம் ஏறும்போது கீழெடை மேலே எறியப்படுகிறது. ஸ்பிரிங்கு அதை மறுபடி தரையோடு அழுத்த வேண்டும். கீழெடை மிகுந்தால் இந்த வேலை தாமதப்படும். டயர் தரையை விட்டு நீங்கியிருக்கும் அந்தக் கணத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. சக்கரம் இலேசானால் டயர் தரையோடு ஒட்டியிருக்கும் நேரம் கூடும். இலேசின் முதற்பயன் இதுவே.

இரண்டாம் பயன், சக்கரம் சுழலும் பொருள் என்பதிலிருந்து வருகிறது. காரை முன்னோக்கித் தள்ளுவதற்கும் சக்தி வேண்டும். சக்கரத்தைச் சுழற்றுவதற்கும் தனியே சக்தி வேண்டும். ஆகையால் சக்கரத்தில் குறையும் ஒரு கிலோ, இருக்கையில் குறையும் ஒரு கிலோவைவிட அதிகமாகப் பயன் தரும். எடை முழுவதும் விளிம்பிலேயே இருப்பதாகக் கொண்டாலும் அந்த ஒரு கிலோ இரண்டு கிலோவுக்குச் சமமாகுமே தவிர, அதற்கு மேல் ஆகாது. சிலர் கடைகளில் பத்து மடங்கு என்று பேசுவது வெறும் விற்பனைப் பேச்சு.

கணக்காகவே பார்ப்போம். ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் சக்கரம் ஒன்றுக்கு 2 கிலோ குறைத்தால் மொத்தம் 8 கிலோ குறையும். சுழற்சியையும் சேர்த்து மதிப்பிட்டால் ஏறத்தாழ 12 கிலோ குறைந்ததற்கு ஒப்பாகும். அது நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றே தாண்டும். ஆகவே, இலேசான சக்கரத்தால் கார் அம்பாகப் பாயும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழுள்ள எடை ஒரு மூலைக்கு 35 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் 2 கிலோ என்பது நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு. வளைவில் கார் பிடிப்போடு நிற்பதை ஓட்டுபவர் உணர்வது இந்தப் பங்கினால்தான். டயரின் எடை விளிம்புக்கு அப்பாலேயே இருப்பதால், சக்கரத்தை நிறுக்கும்போது டயரையும் சேர்த்து நிறுப்பது நன்று. இலேசான சக்கரத்தில் கனத்த டயரைப் போட்டால் கொடுத்த பணத்தில் பாதி வீணாகும்.

அடுத்தது உறுதி. கட்டை வண்டிச் சக்கரத்துக்குக் குடம், ஆரக்கால், வட்டை என்று மூன்று உறுப்புகள் உண்டு. நடுவில் இருப்பது குடம், கதிர்போல் விரிவது ஆரக்கால், சுற்றிலும் வளைவது வட்டை. இன்றைய அலாய் வீலிலும் இம்மூன்றும் உள்ளன. ஒரே உலோகமாக இணைந்திருக்கின்றன என்பதுதான் வேறுபாடு. வண்டி ஓடும்போது ஒவ்வோர் ஆரக்காலும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவு அது. ஆனாலும் வளைவு வளைவே.

பந்தயத் தடத்தில் இந்த வளைவு எவ்வளவு மிகுகிறது என்று பாருங்கள். ஓட்டுபவரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார். எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு முன்பக்கம். நிற்கும்போது முன்சக்கரம் ஒவ்வொன்றும் 360 கிலோ தாங்குகிறது. புவியீர்ப்புக்குச் சமமான வேகமுடுக்கத்தோடு வளைவில் திரும்பினால், எடை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் சாய்கிறது. எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், இரு சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலமும் இருந்தால், 400 கிலோ வெளிச் சக்கரங்களுக்கு மாறும். அதில் அறுபது பங்கு முன்பக்கத்தைச் சேரும் என்று கொண்டால், வெளிப்புற முன்சக்கரம் ஒன்று மட்டும் 600 கிலோ தாங்கும். அதோடு, அதே அளவு விசை பக்கவாட்டிலும் தள்ளும். அந்நேரத்தில் தடத்தோரத்துக் கட்டைமேட்டில் சக்கரம் ஏறினால் அதிர்ச்சி இன்னும் கூடும்.

இத்தகைய அழுத்தம் ஒரு முறை வந்து போவதன்று. 15 அங்குலச் சக்கரத்தின் டயர் ஒரு முறை உருண்டால் ஏறத்தாழ 1.9 மீட்டர் கடக்கிறது. 3.7 கிலோமீட்டர்ச் சுற்றுக்கு அது இரண்டாயிரம் முறைக்குச் சற்றுக் குறைவாக உருள்கிறது. பத்துச் சுற்றுக்கு இருபதாயிரம் முறை என்று கொள்ளலாம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது நமக்குப் பழக்கமான செயல். அதைப்போலவே உலோகம் களைத்துப் போகிறது. இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட அழுத்தத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அது பொறுக்கும். அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட எல்லை இல்லை. சிறிய அழுத்தமாயினும் கோடிக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் ஒருநாள் அதில் விரிசல் காணும். அலுமினியச் சக்கரத்தை ஆயுள் உள்ள பொருளாகவே கருத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இனிச் சக்கர வகைகளைக் காண்போம். எஃகுத் தகட்டுச் சக்கரம் எல்லாவற்றினும் மலிவு; அடிபட்டால் உடையாமல் நெளியும். ஆனால் கனமானது. எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம் எடை, அலுமினியம் 2.7 கிராம், மக்னீசியம் 1.7 கிராம். அலுமினியத்தைப் பந்தயக் காரின் சக்கரத்துக்குக் கொண்டுவந்து புகழ் பெற்றவர் புகாட்டி. அவருடைய 35ஆம் வகைக் கார், எட்டுத் தட்டை ஆரக்கால்களுடன் வார்த்த அலுமினியச் சக்கரங்களோடு, 1924இல் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சுப் பெரும்பந்தயத்தில் இறங்கியது. சக்கரம் நிலைத்தது, டயர்களின் மேற்பட்டைகள் பிய்ந்துபோய் அந்தப் பந்தயம் கைநழுவியது. சக்கரமும் டயரும் ஒன்றுக்கொன்று துணையாக அமைய வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது வார்ப்பு அலுமினியச் சக்கரம். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்வது. வார்ப்பினுள் நுண்ணிய காற்றுத் துளைகள் தங்கக்கூடும்; அதற்கு ஈடாகக் கனத்தைச் சற்றுக் கூட்டியே வடிவமைப்பார்கள். இரண்டாவது வகையில், நடுப்பகுதியை வார்த்தபின் வட்டையைச் சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி நீட்டுகிறார்கள். ‘ஃப்ளோ ஃபார்மிங்’ என்பது அதன் பெயர். வட்டை மெலிந்தும் இறுகியும் அமைவதால் நடுத்தர விலையில் நல்ல பயன் தருவது இது. மூன்றாவது, திண்மையான அலுமினியக் கட்டியைப் பேரழுத்தத்தில் அடித்து உருவாக்கும் ‘ஃபோர்ஜ்டு’ வகை. கருமான் பட்டறையில் அடித்த கத்திக்கும் வார்த்த கத்திக்கும் உள்ள வேறுபாடு இங்கேயும் உண்டு. உலோகத்தின் இழை வடிவத்தோடு ஓடுவதால், குறைந்த எடையில் மிகுந்த உறுதி கிட்டும். போர்ஷே 911 எஸ் காருக்காக 1966இல் ஜெர்மனியின் ஃபூக்ஸ் நிறுவனம் செய்த ஐந்து இதழ்ச் சக்கரம் இவ்வகையில் புகழ்பெற்றது.

மக்னீசியச் சக்கரம் இன்னும் இலேசானது; ஆனால் ஈரத்தாலும் உப்பாலும் எளிதில் அரிபடும். மேல்பூச்சில் கீறல் விழுந்தால் உடனே கவனிக்க வேண்டும். சென்னைக் கடற்காற்றில் நாள்தோறும் நிற்கும் காருக்கு அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். கரிநார்ச் சக்கரங்களும் வந்திருக்கின்றன. அவற்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. ஆதலால், சாலையிலும் தடத்திலும் ஒரே சக்கரத்தை ஓட்ட விரும்புவோர்க்கு, நல்ல பெயருள்ள நிறுவனத்தின் ஃப்ளோ ஃபார்மிங் சக்கரமோ, வசதியிருந்தால் ஃபோர்ஜ்டு சக்கரமோ ஏற்றது என்பது நம் கருத்து.

நல்ல பெயருள்ள நிறுவனம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், போலிகள். ஜப்பானின் ரேஸ் நிறுவனம் டி.ஈ. 37 என்றொரு சக்கரம் செய்கிறது. அதன் 15 அங்குல வகை ஒன்று 3.7 கிலோ எடை கொண்டது என்பதே அந்த 37இன் பொருள். அதே ஆறு ஆரக்கால், அதே நிறம், அதே தோற்றத்தோடு வார்ப்புச் சக்கரங்கள் சந்தையில் நிறைய உலவுகின்றன. தராசில் வைத்தால்தான் வேடம் கலையும். கனம் கூடியதாக இருந்தால் பணம்தான் நஷ்டம். எடையையும் குறைத்து, உலோகத்தின் தரத்தையும் குறைத்திருந்தால் நஷ்டம் பணத்தோடு நிற்காது.

ஆகவே கடைக்குச் செல்வோர் இந்த வரிசையில் விசாரிக்க வேண்டும். முதலாவது, தாங்கும் சுமை. சக்கரத்தின் பின்புறத்தில் அது கிலோ கணக்கில் பொறிக்கப்பட்டிருப்பது நல்ல நிறுவனங்களின் வழக்கம். காரின் அதிகபட்ச அச்சுச் சுமையில் பாதிக்கு அது குறையவே கூடாது; தடத்துக்குப் போகிற காராயின் தாராளமாக மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டாவது, சோதனைக் குறி. ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல். என்ற குறி, சுழன்று வளையும் சோதனை, சுமையோடு உருளும் சோதனை, மோதல் சோதனை ஆகியவற்றுக்கு உரிய தர அளவைக் காட்டுவது. குறியைப் போலியாகவும் அச்சிடலாம். எனவே குறியோடு விற்பனைச் சீட்டும், தயாரிப்பாளரின் பெயரும், உத்தரவாதமும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டும் தேறிய பின்பே மூன்றாவதாக எடையைக் கேட்க வேண்டும். நம் இளைஞர்கள் பலர் மூன்றாவதை முதலில் கேட்டுவிட்டு, மற்ற இரண்டையும் கேட்காமலே பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

பிறகு பொருத்தம். போல்ட் வட்டம், நடுத்துளை, ஆஃப்செட், பிரேக்குக்கு வேண்டிய இடைவெளி ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோ காருக்கு 100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட். மாருதி ஸ்விஃப்டுக்கும் ஹோண்டா சிட்டிக்கும் அதே வட்டத்தில் நான்கு. நடுத்துளை போலோவுக்கு 57.1 மில்லிமீட்டர், சிட்டிக்கு 56.1, ஸ்விஃப்டுக்கு 54.1. வெளிக்கடைச் சக்கரங்கள் பல கார்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டி நடுத்துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். இடைவெளியை வளையம் போட்டு நிரப்புவது வழக்கம். பிளாஸ்டிக் வளையம் பிரேக்குச் சூட்டில் இளகும். தடத்துக்கு அலுமினிய வளையமே உகந்தது. நட்டின் முகத்தையும் கவனிக்க வேண்டும். ஹோண்டாவின் சொந்த நட்டுக்கு உருண்டை முகம். வெளிக்கடைச் சக்கரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு முகம். ஒன்றை மற்றதில் போட்டால் இறுகியதுபோல் தோன்றும், ஓட்டத்தில் தளரும்.

சக்கரத்தின் விட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பெரிய சக்கரம் அழகு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. 15 அங்குலத்துக்குப் பதில் 17 அங்குலம் போட்டால் கனம் கூடும். டயரின் பக்கச் சுவர் மெலியும். பள்ளத்தில் விழும் அடி நேரே வட்டையில் இறங்கும். பிரேக்கு இடிக்காத அளவில் எது மிகச் சிறியதோ அதுவே தடத்துக்கும் நம் சாலைகளுக்கும் நல்லது. விலையும் குறைவு, டயரும் மலிவு. மேலும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயரோடு சாலையில் போவது சட்டத்துக்கும் பகை, எதிரே வருவோருக்கும் பகை.

வாங்கியபின் பேணுவது அடுத்த கடமை. நட்டுகளை முறுக்குமானி கொண்டு, காரின் கையேட்டில் கண்ட அளவுக்கு இறுக்க வேண்டும். போலோவுக்கு அது 120 நியூட்டன் மீட்டர், சிட்டிக்கு 108. காற்று இயந்திரத்தால் முறுக்கித் தள்ளினால் போல்ட் நீண்டு பலமிழக்கும். சக்கரம் மாற்றியபின் முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒரு முறையும், தடத்தில் ஒவ்வோர் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியபின் ஒரு முறையும் சரிபார்க்க வேண்டும். வீடு திரும்பியதும் சக்கரத்தைக் கழற்றி, பின்புறத்தைக் கழுவி, ஆரக்கால் குடத்தோடு சேரும் இடத்தையும் வட்டையின் உள்விளிம்பையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும். காரணமின்றிக் காற்று இறங்குவதும், புதிதாக நடுக்கம் தோன்றுவதும் எச்சரிக்கை மணிகள்.

திருப்பதியில் இரயில்வேயின் பயணிப் பெட்டிப் பழுதுபார்க்கும் பணிமனை இருப்பதை நேயர்கள் பலர் அறிவர். இரயில்வேயில் பெட்டிகளின் அச்சுகளைக் கேளா ஒலி கொண்டு சோதித்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டத்துக்கு அனுப்புவது முறை. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்பதை அங்கே சான்றாக ஏற்பதில்லை. கார்ச் சக்கரத்துக்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி தூவினால், விரிசலுக்குள் புகுந்த சாயம் சிவப்புக் கோடாக வெளிவரும். இயந்திரப் பட்டறைகளில் இது சாதாரணச் சோதனை. தடத்துக்குச் செல்லும் சக்கரத்தை ஆண்டுக்கு ஒரு முறையேனும் இப்படிப் பார்ப்பது நலம்.

இங்கே ஒரு வழக்கத்தைக் கண்டித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெருவழியோரக் கடைகளில், நெளிந்த அலாய் வீலைத் தீயில் காட்டிப் ‘பெண்டு’ எடுத்தும், விரிசலுக்கு வெல்டிங் வைத்தும், மேலே பெயின்ட் அடித்தும் கொடுக்கிறார்கள். அலுமினியச் சக்கரத்துக்கு உறுதி தருவது, தொழிற்சாலையில் அளவறிந்து செய்த சூட்டுப் பதப்படுத்தல். அடுப்புச் சூடு அந்தப் பதத்தைக் குலைத்துவிடும். மேலே பளபளப்பு, உள்ளே மென்மை. அப்படிச் சீர்செய்த சக்கரத்தைத் தடத்துக்குக் கொண்டுபோவது தற்கொலைக்கு ஒப்பானது. சாலையில் ஓட்டுவதும் தகாது. பழைய சக்கரம் வாங்குவோர் பெயின்டைக் கண்டு மயங்காமல், உள்விளிம்பைத் தடவிப் பார்த்து, சுழற்றிப் பார்த்து, ஐயம் எழுந்தால் விட்டுவிட வேண்டும்.

நிறைவாக மலைச் சாலையைப் பற்றி. திருமலைக்குச் செல்லும் முதல் மலைச் சாலை 1944இல் அமைந்தது. ஏறத்தாழ முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. இன்று பெரும்பாலும் இறங்குவதற்கு அது பயன்படுகிறது. 1974இல் அமைந்த இரண்டாம் சாலை ஏறுவதற்கு உரியது. புதிய சக்கரம் பூட்டியதும், அதன் பிடிப்பைச் சோதிக்க இவ்வளைவுகளே போதுமே, கட்டணம் கொடுத்து இருங்காட்டுக்கோட்டைக்கு எதற்குப் போக வேண்டும் என்று பேசும் இளைஞர்கள் உண்டு. இந்தப் பேச்சு மிகத் தவறானது. மலையில் ஓடுதளத்தின் அகலம் இல்லை, விலகி நிற்க மணற்பரப்பு இல்லை, கொடி காட்டும் காவலர் இல்லை. நடந்து வரும் பக்தரும், குழந்தைகள் நிறைந்த பேருந்தும், சில நேரம் காட்டு விலங்கும் உண்டு. வேகத்தைக் கட்டுப்படுத்த, குறித்த நேரத்துக்கு முன்பே சென்றடையும் வண்டிகளைத் தேவஸ்தானம் கணக்கெடுத்துத் தண்டிப்பது காரணமின்றி அன்று. இறங்கும்போது தொடர்ந்து பிரேக்கு மிதிப்பதால் எழும் சூடு சக்கரத்தையும் டயரையும் சேரும். எத்தனை உயர்ந்த சக்கரமானாலும் அங்கே அடக்கமாகவே உருள வேண்டும்.

செலவு வரிசையையும் கூறிவிடுகிறோம். முதன்முறை தடத்துக்குச் செல்வோர் புதிய சக்கரம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. காரோடு வந்த சக்கரம் பழுதின்றி இருந்தால் அதுவே போதும். கையில் உள்ள பணத்தை முதலில் புதிய பிரேக்கு எண்ணெய்க்கும், நல்ல பிரேக்குக் கட்டைக்கும், தேயாத டயருக்கும் செலவிட வேண்டும். இரண்டு மூன்று முறை சென்று, தன் கையும் காலும் பழகியபின், இலேசான சக்கரத்தின் அருமையை உணரும் திறன் வரும். அப்பொழுது வாங்கினால் வீண்செலவாகாது.

இலேசு என்பதைக் கடையில் விலை கொடுத்து வாங்கிவிடலாம். உறுதியைக் கேட்டும், நிறுத்தும், சோதித்தும், பேணியும்தான் பெற முடியும். ஊரில் பெற்றோரும், வெளியூரில் மனைவி மக்களும் காத்திருக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே: தடத்தில் சில வினாடிகள் முந்துவதைவிட, நகரியையும் புத்தூரையும் கடந்து, சித்தூரையோ திருப்பதியையோ பத்திரமாக வந்தடையும் சக்கரமே நல்ல சக்கரம். உறுதியை முதலில் கேளுங்கள். இலேசைப் பிறகு கேளுங்கள்.